இடது கண்ணில் மண்டபம்

எங்கள் சிங்காநல்லூர் வீதியில் தாய்மாமன் கெத்துக்கு ஆறுச்சாமியை மிஞ்ச ஆளில்லை. பல்லடத்தில் ஒரு மண்டபத்தில் அவர் தங்கை மகளுக்குக் காதுகுத்து. சீர்த்தட்டை இறக்கி வைத்ததும் அவர் மனைவி பொற்கொடி, "ஏனுங்க, எடது கண்ணுல திடீர்னு திரை போட்டாப்பல இருட்டாயிருச்சுங்க" என்றாள். பக்கத்து நாற்காலியில் நான்தான். பார்வை மேடையில், காது இவர்களிடம்.

"தாய்மாமன் பந்தியில உக்காராமப் போனா சொந்தத்துல சிரிப்பாங்க அம்மணி. சாப்பிட்டுப்போட்டு வாரேன், இங்கயே இரு."

பந்தியெல்லாம் உபசரித்துவிட்டுப் பொழுது சாயத்தான் வந்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். உடனே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம், இனிப் பார்வை வராது என்றார் டாக்டர்.

பிறகொரு நாள் காலையில் நலம் விசாரிக்கப் போனேன். அதற்கு எங்கள் வீதியில் வேறு பெயர் உண்டு. பொற்கொடி நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"மண்டபம் தெரியுதுங்கக்கா. எல்லாரும் போயிட்டாங்க. இவரு மட்டும் இன்னும் சாப்பிட்டுட்டே இருக்கறாருங்க."

ஆறுச்சாமி அவள் பக்கத்தில்தான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை.

"கழுவிட்டேதானுங்க இருக்கறேன்" என்று வலது கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டார்.

துண்டு நனைந்து, தரையில் பாயசம் சொட்டியது.