காலை ஒன்பது மணி வண்டி

ஜன்னல் வெயில், மேசைமேல் கிடக்கும் படிவத்தில் பாதிவரை ஏறியிருக்கிறது. மறதி நோய் வந்தவர்களுக்குப் பராமரிப்பு ஏற்பாடு செய்துதரும் ஒருங்கிணைப்பாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். “பகல்நேர இல்லமெல்லாம் வேண்டாம்மா. அவரை நானே பாத்துக்குவேன்” என்று நின்றபடியே மூன்றாவது தடவையாக அடித்துச் சொல்கிறாள் மனைவி. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கும் கணவர் எழுந்து, தன் நாற்காலியை அவளுக்கு மரியாதையாக இழுத்துப் போடுகிறார். “ரொம்ப நேரமா நிக்கிறீங்களே, உக்காருங்க. உங்க வீட்ல தேட மாட்டாங்களா?” மின்விசிறிக் காற்றில் படிவத்தின் ஓரம் படபடக்கிறது. பொத்தானைச் சரிசெய்ய மனைவியின் கை நீள்கிறது. அவர் கூச்சத்தோடு பின்வாங்குகிறார். ஒருங்கிணைப்பாளர் தலை நிமிராமல் இருக்கிறாள். மனைவி அந்த நாற்காலியில் மெல்ல உட்கார்கிறாள். “இல்லத்து வண்டி எத்தனை மணிக்கு வரும்னு சொன்னீங்க?” “காலையில ஒன்பதுக்கும்மா” என்று பேனாவை அவள் பக்கம் நகர்த்துகிறாள் ஒருங்கிணைப்பாளர்.