கடைசி வளைவுக்கு ஒரு கையெழுத்து

“இங்க வேலி போடச் சொன்னவன், வாழ்நாள்ல ஒரு தடவையாவது கேமராவைத் தொட்டிருப்பானாடா?”

பாலக்கோட்டில் ஸ்டூடியோ நடத்தும் பிரபாகர் கம்பி வலையைப் பிடித்து உலுக்கினார். காரிமங்கலத்தை அடுத்த தரிசு நிலத்தில் ஆண்டுதோறும் நடக்கும் பைக் பந்தயம் அது. வலைக்கு அப்பால் மண் பாதையின் கடைசி வளைவு; பைக்குகள் அந்தரத்தில் எழும்பும் இடம்.

சென்ற ஆண்டு வரை கைக்கெட்டும் நெருக்கத்தில் நின்று தரிசித்த காட்சி. இவ்வாண்டு வேலி அறுபதடி பின்னுக்கு வந்துவிட்டது, சந்நிதி வரை வந்த அடியவனுக்கு முன்னே நந்தி குறுக்கே படுத்தாற்போல.

பாலக்கோட்டில் அவருக்கு எதிர்க்கடையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் திருமாலுக்குக் கவலையில்லை. முழங்கை நீள லென்ஸ் புதிதாக வாங்கியிருந்தார். பிரபாகருடையதோ கல்யாண வீட்டு லென்ஸ். மணமேடையை விட்டு இருபதடி நகர்ந்தால் அதற்குக் கண் தெரியாது. அடுத்த ஆண்டுச் சுவரொட்டிக்கு இன்று எடுக்கும் படங்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக அது பிரபாகரின் படம்.

“மாப்ள, ஒரே ரவுண்டு. கதவைத் திறடா.”

வேலிக் கதவைக் காத்து நின்ற சென்றாயன் அவருடைய பள்ளித் தோழர். அசையவில்லை.

“போன வருசம் ஹேண்டில்பார் உன் சட்டைப் பையைக் கிழிச்சிட்டுப் போச்சே, மறந்துட்டியா?”

“பையைத்தானே கிழிச்சுது?”

“நாலு விரக்கடை தள்ளியிருந்தா?”

“அஞ்சாங்கிளாஸ்ல இருந்தே உனக்கு என்மேல பொறாமைடா!”

சென்றாயன் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். “சரி, போ. இது சம்மதக் கடுதாசி. உன் வூட்டுக்காரம்மா நிரப்பிக் கையெழுத்துப் போடட்டும். கதவைத் திறக்கறேன்.”

மனைவி சுகுணா, கவிழ்த்த தக்காளிப் பெட்டிமேல் அமர்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ‘பந்தயம் கெடக்கட்டும், மொதல்ல நம்ம பிரிண்டரைச் சரி பண்ணுங்க. ஆறு மாசமா எல்லாப் போட்டோவுலயும் காதோரம் ஊதாக் கோடு விழுது’ என்று காலையில்கூடச் சொன்னவர். அவருடைய கண்ணீருக்குச் சொல்லவேண்டிய சமாதானங்களை வழிநெடுகத் தயாரித்துக்கொண்டே போனார் பிரபாகர்.

ஒன்றும் தேவைப்படவில்லை.

“எங்க போடணும்?” என்றார் சுகுணா.

“படிச்சுப் பாக்கலியா?”

“போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. படிச்சு என்ன ஆவப்போவுது?” கையெழுத்து விழுந்தது. “கீழ ஏதோ காலியா இருக்குதே, என்னங்க அது?”

பிரபாகர் வாசித்தார். “மேற்படியாருக்கு அசம்பாவிதம் ஏதேனும் நேரிடின், அவரது கேமராவை ஒப்படைக்க வேண்டியவர் பெயர்...”

பேனா ஒரு நொடியும் தயங்கவில்லை. ‘திருமால்.’

“திருமாலா!”

“பின்ன? எனக்கா போட்டோ புடிக்கத் தெரியும்? எதிர்க்கடைதானே, பத்திரமா வெச்சுக்குவாரு.”

“லென்ஸை வேட்டியில துடைக்கறவன்டீ அவன்!”

“துடைச்சா துடைச்சிட்டுப் போறாரு. அதைப் பாக்க நீங்கதான் இருக்க மாட்டீங்களே.”

கதவருகே சென்றாயன் தாழ்ப்பாளில் கைவைத்துக் காத்திருந்தார். “வா மாப்ள, உள்ள வா.”

பிரபாகர் தாளைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தார். தூரத்தில், வேட்டி நுனியால் எதையோ துடைத்துக்கொண்டிருந்த திருமாலையும் பார்த்தார்.

உயிரை விடத் துணிந்த மனம், கேமராவை விடத் துணியவில்லை.

“வெளிச்சம் சரியில்லடா” என்று திரும்பிவிட்டார்.

சுகுணாவின் தக்காளிப் பெட்டிமேல் ஏறி நின்றபோது முதல் பைக் வளைவில் எழும்பியது. அதன் பின்சக்கரம் வாரி இறைத்த சரளைக்கற்கள் சடசடவென்று வலையில் விழ, வேலியோரக் கூட்டம் முழுவதும் ‘ஆத்தாடி!’ என்று ஒருசேர முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்வாங்கியது. பிரபாகர் பொத்தானை அழுத்தினார்.

படத்தில் பைக் கட்டைவிரல் அளவுதான். ஆனால் அதற்கு முன்னே எத்தனை பிளந்த வாய்கள், எத்தனை தலைமேல் கைகள்! எட்டிப் பார்த்த திருமால், “சுவரொட்டி இந்த வருசமும் உங்களுக்குத்தாண்ணா” என்று பெருமூச்சு விட்டார்.

பாலக்கோடு திரும்பும் பேருந்தில், கிழித்தெறிவதற்காக அந்தத் தாளை எடுத்துப் பிரித்தார் பிரபாகர்.

கிழிக்கவில்லை. தாளின் வலது ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை மெல்லியதோர் ஊதாக் கோடு.

தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்த மனைவியைப் பார்த்தார்.

“சுகுணா.”

“ம்?”

“நம்ம பிரிண்டரை நாளைக்கே சரி பண்ணிடறேன்.”

உரித்த கடலையை அவர் உள்ளங்கையில் வைத்தபடி சுகுணா சொன்னார்:

“இனிமே கோடு விழுந்தா என்ன, விழாட்டி என்னங்க? அடுத்த வருசம் ரேஸுக்கு வேற தாளு அடிக்கணும், மை மட்டும் வாங்கி வையுங்க.”