மச்சானைக் கூப்பிடாதே!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த லிடியா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பைக் ஒரு பக்கம், பின் சக்கரம் ஒரு பக்கம், புது டயர் ஒரு பக்கம். நடுவில் அவள் புருஷன் ரெக்ஸ். கையில் அவளுடைய தோசைத் திருப்பி.

"இன்னாங்க இது? கோயிலுக்கு வராம இதைத்தான் பண்ணிக்கினு இருந்தீங்களா?"

"வீடியோ பாத்தேன். டயர் மாட்டுறது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல."

"தோசைத் திருப்பியிலயா?"

"டயர் லிவர் ஒண்ணுதான் இருக்கு. இன்னொரு பக்கம் நெம்புறதுக்கு இது. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், உங்கண்ணனை மட்டும் கூப்பிடாத!"

கூப்பிடுகிறேன் என்று அவள் சொல்லவே இல்லை.

அண்ணன் ஜோஸ்வா அடுத்த தெருவில்தான் டயர் கடை வைத்திருக்கிறான். இவர்கள் மகள் அனிட்டா முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழா பேனரில் ரெக்ஸின் தம்பி படம் ஆளுயரத்துக்கும், தாய்மாமன் படம் ஸ்டாம்ப் சைசுக்கும் வந்துவிட்டது. "பேனர்ல எடம் இல்லாதவனுக்கு வூட்டுல இன்னா வேலை?" என்று போனவன், இரண்டு வருஷமாகப் படி ஏறவில்லை. கிறிஸ்துமஸ் கேக்கைக்கூட கேட்டில் மாட்டிவிட்டுப் போனான். அன்றைக்கு லிடியா அழுத அழுகை தெருவுக்கே தெரியும். ரெக்ஸ் ஒரு வார்த்தை இறங்கிப் போகவில்லை. பெரிய மானஸ்தன்!

மானஸ்தன் நெம்பினான். டயர் இந்தப் பக்கம் உள்ளே போனால் அந்தப் பக்கம் வெளியே வந்தது. சோப்புத் தண்ணி ஊற்றினான். டயர் வழுக்கவில்லை, அவன்தான் வழுக்கினான்.

"போதுங்க. நாளைக்கு நீங்க வெள்ளிமலை ஆபீசுக்குப் போகணும். அந்த வளைவெல்லாம் நெனச்சாலே..."

"இந்த டயர்லதான் மலை ஏறுவேன். உங்கண்ணன் கை பட்ட டயர்ல ஏற மாட்டேன்."

ஒருவழியாக டயர் உட்கார்ந்தது. லிடியா குனிந்து பார்த்தாள். டயர் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று அதிலேயே அம்புக்குறி போட்டிருக்கும். டயர் கடைக்காரன் தங்கச்சிக்கு இதுகூடத் தெரியாதா?

"ஐயோ, அம்பு பின்பக்கம் காட்டுதுங்க! மாத்தி மாட்டிட்டீங்க."

"காட்டிட்டுப் போவட்டும். வண்டி முன்னாடி போனா சரி."

லிடியா சமையல் கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டாள்.

"அண்ணே, இவரு டயரை மாத்தி மாட்டிக்கினு மலை ஏறுறேன்றாரு. எனக்குப் பயமா இருக்குண்ணே."

"அம்பு பின்னாடியா காட்டுது?"

"ஆமாண்ணே."

"அடப்பாவி! வண்டியத் தொடக் கூடாதுன்னு சொல்லு. தோ வரேன்."

வந்தான். கேட்டுக்கு வெளியே நின்றான்.

"லிடியா, நான் டயருக்காக வந்தேன். வூட்டுக்காக வரல. சக்கரத்த இங்க கொண்டா."

"உங்கண்ணங்கிட்ட சொல்லு லிடியா. வேணும்னா உள்ள வந்து பாக்கட்டும். என்னால தூக்கிக்கினு அலைய முடியாது."

ஜோஸ்வா பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"உன் வூட்டுக்காரரைக் கேளு, தோசைத் திருப்பியால டயர் மாட்டுறது எந்த ஊரு வழக்கம்?"

"பேசாம வேலையப் பாக்கச் சொல்லு."

ஜோஸ்வா கழற்றினான், திருப்பினான், மாட்டினான், காற்றடித்தான். சக்கரம் வண்டியில் ஏறிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான்.

"கையக் கழுவிட்டு சாப்ட்டுட்டுப் போண்ணே. கோழிக் கொழம்பு."

லிடியாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. அதற்கு மேல் ஜோஸ்வாவால் முறுக்கிக்கொள்ள முடியவில்லை. கழுவினான்.

ரெக்ஸே இலை போட்டான். "தப்பு என்னுதுதான் மச்சான். அடுத்த பேனர்ல உன் படம்தான் பெருசு."

"ரொம்ப வேணாம் மாப்ள. புள்ள படத்தவிட கொஞ்சம் கம்மியா போடு, போதும்."

மூன்று தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அனிட்டாவைக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனான் தாய்மாமன். லிடியா முகத்தில் இரண்டு வருஷத்துச் சிரிப்பும் மொத்தமாக வந்திருந்தது. ஆனாலும் புருஷனை விடவில்லை.

"இனிமே தெரியாத வேலையில கை வெப்பீங்களா?"

"வெக்க மாட்டேன்" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் படுக்கப் போனான் ரெக்ஸ்.

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு கமலா மதில் மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் லிடியா, நீ பூசைக்குப் போயிருந்தப்பவே உன் வூட்டுக்காரரு டயர சூப்பரா மாட்டி, தெருக்கோடி வரைக்கும் ஓட்டிக்கூடப் பாத்துட்டு வந்தாரே... அப்புறம் ஏன், நீ வர்ற நேரமாப் பாத்து மறுபடியும் கழட்டிப் போட்டுக்கினு உக்காந்தாரு?"