நாற்பதுக்கு ஒரு ரூபாய் குறையாது

"நாப்பது லட்சம். அதுல ஒத்த ரூவா குறையாது. பிடிச்சாப் பேசுங்க, இல்லைன்னா காப்பியக் குடிச்சிட்டுக் கிளம்புங்க அண்ணாச்சி!"

சொர்ணலட்சுமி டம்ளரை நங்கென்று வைத்த வேகத்தில் காப்பி பாதி சிந்திவிட்டது. புரோக்கர் கனகசபாபதிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். சிவகாசியில் வீடு விற்கிறவர்கள் எல்லோரும் முதலில் இப்படித்தான் துள்ளுவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

கேட்டில் 'வீடு விற்பனைக்கு' என்று பலகை தொங்கியது. அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டுவிட்டு வந்திருந்தார். கையில் ஒரு பார்ட்டி தயாராக இருந்தது. ஆனால் பார்ட்டியைக் கண்ணில் காட்டுவதற்கு முன்னால் விலையை அடித்துத் தரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், அது அவர் தொழில் பழக்கம். பத்திரம் கித்திரமெல்லாம் அப்புறம். விலை படியாத வீட்டுக்குப் பத்திரத்தைப் பார்த்து என்ன செய்ய?

"கோவப்படாத தங்கச்சி. ஊர் நெலவரம் தெரியாமப் பேசுற. இந்தத் தெருவுலயே எத்தனை வீட்டுல பலகை தொங்குது பாத்தியா?"

"தொங்கிட்டுப் போகுது! அவுக அள்ளிக் குடுக்காகன்னு நானும் குடுக்கணுமா?"

"வெடி யாவாரம் படுத்துருச்சும்மா. சீசன்ல கம்பெனி வேனுக்குள்ள மூச்சுவிட எடம் இருக்காது. இப்பப் பாரு, பாதி சீட்டு காலியாப் போகுது. கையில காசு பொரண்டாத்தான மனுஷன் வீடு வாங்குவான்?"

"வெடி போனா என்ன? அச்சாபீஸ் இல்லையா, காலண்டர் இல்லையா? நானே காலண்டர் கம்பெனியிலதான் சூப்பர்வைசரா இருக்கேன்."

"அப்பிடி வா!" கனகசபாபதி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "பிளாட் போட்ட ஒவ்வொருத்தனும் சாமி படம் போட்டுக் காலண்டர் அடிச்சு வீட்டுக்கு வீடு குடுத்தான்ல? இந்த வருஷம் அவங்க ஆர்டர் வந்துச்சா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு."

சொர்ணலட்சுமி சுவரைப் பார்த்தாள். ஏதோ ஒரு 'நகர்' மனை விற்பனை விளம்பரத்தோடு போன வருடக் காலண்டர்தான் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

"வரலைல்ல? எப்பிடி வரும்? விருதுநகர் ரோட்டுல பிளாட் பூரா ஆடு மேயுது. பேங்க்ல லோனுக்குப் போனா நாயா அலைய விடுதான். இதுல நாப்பதாம், நாப்பது!"

"அப்ப எம்புட்டுதான் போகுங்கிறீக?"

"இருபத்தஞ்சு. அதுக்கு மேல பிரம்மா வந்தாலும் போகாது."

அவ்வளவுதான். சொர்ணலட்சுமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் இறங்கவே இல்லை.

"எம்மக ஓவியா தவழ்ந்த வீடு அண்ணாச்சி இது. மழைக்கு ஒழுகுனப்ப எங்கைக்காசைப் போட்டு ஓடு மாத்துனேன். அந்தா நிக்கிற முருங்கைகூட நான் வச்சதுதான். எவனோ ஒருத்தன் கையில தூக்கிக் குடுத்துட்டு, பிள்ளையோட நான் நடுத்தெருவுல நிக்கணுமா? என் உசுரு இருக்க வரைக்கும் நடக்காது!"

கனகசபாபதிக்கே கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் கமிஷன் வருமா? மிச்சக் காப்பியைக் குடித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்தாள். "நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும். சென்னையில ஒரு பெரியவரு இருக்காரு. அவரைக் கேக்காம நான் முடிவு சொல்ல முடியாது. நான் சொன்னா நம்பவும் மாட்டாரு. இம்புட்டையும் நீங்களே வாய்ஸ் மெசேஜுல சொல்லிருங்களேன்."

இதுதானா விஷயம்! விற்கிற ஆள் ஒவ்வொருவருக்குப் பின்னாலும் இப்படி ஒரு பெரியவர் இருப்பார். அவரைச் சாய்த்துவிட்டால் காரியம் முடிந்த மாதிரிதான். சொர்ணலட்சுமி போனை நீட்ட, கனகசபாபதி தொண்டையைச் செருமிக்கொண்டு பொரிந்து தள்ளினார். வெடி, வேன், காலண்டர், ஆடு, லோன் என்று ஒன்றையும் விடவில்லை. போதாததற்குத் தெருவுக்குள் கார் வராது, சுவரில் ஈரம் ஓதம் என்று அவராகவும் நாலு சேர்த்துக்கொண்டார்.

"இன்னும் ஆறு மாசம் போச்சுன்னா இந்த இருபத்தஞ்சும் கெடைக்காது ஐயா, பாத்துக்கோங்க!" என்று முடித்துவிட்டு, வெற்றிக் களிப்போடு கிளம்பினார்.

தெருமுனை டீக்கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுக்கும்போதுதான் தலையில் ஹெல்மெட் இல்லை என்று தெரிந்தது. திரும்பி வந்தார். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே போன் ஸ்பீக்கரில் ஒரு வயதான குரல் பேசிக்கொண்டிருந்தது. பெரியவர்தான். கனகசபாபதி ஆசையோடு காதைக் கொடுத்தார்.

"கேட்டேன் சொர்ணம். அந்தாளு பேச்சைக் கேட்டு எனக்கு நெஞ்சே அடைச்சுப்போச்சு. போன வருஷம் நீ இருபத்தாறுக்குக் கேட்டப்ப நான்தான் சிரிச்சேன். நாப்பதுக்கு ஆள் பாரு, உன் நம்பரையே போட்டுப் பலகை மாட்டுன்னு சொன்னேன்."

"நானும் நாப்பதுலயேதான் நின்னேன் ஐயா. நீங்க சொன்னதுல ஒத்த ரூவா இறங்கலை."

"தெரியுதும்மா. போதும், பலகையக் கழட்டிரு. இம்புட்டு வருஷமா வாடகை குடுத்தவ நீ, அந்த இருபத்தாறுக்கு நீயே எழுதிக்கோ."

வெளியே வந்த சொர்ணலட்சுமி, வாசலில் நின்ற கனகசபாபதியின் கையில் ஹெல்மெட்டைக் கொடுத்தாள். பிறகு கேட்டில் தொங்கிய பலகையைப் பிடுங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"இனிமே இது என் வீடு அண்ணாச்சி. இப்ப வந்து இருபத்தஞ்சுக்குக் கேளுங்க பாப்போம்!"