காற்றை விரட்டிய கண்ணாடி

மலையூர் பங்களா ஒன்றில், மேலும் கீழுமாகத் தள்ளித் திறக்கும் பழைய மரச்சட்டக் கண்ணாடி ஜன்னல் இருந்தது. காற்றடித்தால் கடகடவென்று ஆடும். குளிர் பொறுக்காத வீட்டுக்காரர் அதற்கு உட்புறமாக இன்னொரு கண்ணாடியைப் பொருத்தினார். அதன்பின் அறையில் குளிரும் இல்லை, சத்தமும் இல்லை. வந்தவர்கள் எல்லாம் புதுக் கண்ணாடியைத் தட்டிப் பார்த்து மெச்சினார்கள்.

"என்னைக் கண்டாலே காற்று ஓடிவிடுகிறது, பெரியவரே. நீங்கள் எதற்கு இன்னும் வெளியே நின்று நனைகிறீர்கள்?" என்று கேட்டது புதுக் கண்ணாடி.

பழைய ஜன்னல் அப்போது சாரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரருக்கும் இரண்டு கண்ணாடிகளைத் துடைப்பது வீண்வேலையாகப் பட்டது. வெயிலடித்த ஒரு நாளில் பழையதைக் கழற்றி, விறகுக் கொட்டகையில் சாய்த்து வைத்தார்.

ஆடி பிறந்தது. மலையைத் தாண்டி வந்த காற்று, கண்ணாடியின் முகத்தில் ஓங்கி ஓர் அறை விட்டது. கண்ணாடி சட்டத்தோடு நடுங்கியது.

"யார் நீ?" என்றது.

"இத்தனை நாளாக என்னை விரட்டிக்கொண்டிருந்தாயாமே," என்றது காற்று. "ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன்."