கடைசிப் படி

"ஒவ்வொரு மண்டலத்துலயும் விற்பனையில கடைசியா நிக்கிற கடைக்குப் பூட்டு. முதலாளி உத்தரவு" என்றான் அவன், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தபடி.

"நகர மண்டலத்துல எது கடைசி?" என்றாள் மனைவி.

"உன் தம்பி வேலை பாக்கற பாலத்தடிக் கடை."

ஈரக் கையைத் துடைக்கவும் மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் பொண்டாட்டிக்கு ஏழு மாசம்ங்க. ரோஷக்காரன், உங்ககிட்ட வாய் திறந்து கேக்கமாட்டான். நான் போன் பண்ணினாலும் எடுக்கமாட்டேங்கறான். அந்தச் செருப்புக் கம்பெனிக்கே நீங்கதானே கணக்கு அடுக்கறீங்க, ஏதாவது பண்ணுங்களேன்."

"விற்பனையில கை வைக்க முடியாதுடி."

திரையை அவள் பக்கம் திருப்பினான். பிறகு மெல்லச் சொன்னான்.

"இது ஏணி மாதிரி. உச்சியில மொத்தக் கம்பெனி. அதுக்குக் கீழ மண்டலம். அதுக்குக் கீழ கடை. கடையைத் தட்டினா, கடைசிப் படியில ஆளுங்க பேரு. எந்தக் கடை எந்த மண்டலத்துக்குக் கீழ வரணும்னு அடுக்கறது என் வேலை."

"அதனால?"

"பாலத்தைத் தாண்டினா புறநகர்தானே? அங்க இதைவிட நோஞ்சான் கடை ஒண்ணு ஏற்கெனவே இருக்கு."

பாலத்தடிக் கடையை இழுத்துப் புறநகருக்குக் கீழே விட்டான். நகர மண்டலத்தில் வேறொரு கடை கடைசி இடத்துக்கு இறங்கிச் சிவப்பானது.

"இது எதுங்க?"

"ஸ்டேஷன் கடை. இவ்வளவு நேரம் தப்பிச்சிருந்துச்சு."

"ஐயோ! அங்க யார் யார் இருக்காங்களோ..."

"தட்டினா தெரிஞ்சிடும்."

"வேணாம்!" அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். "பேரைப் பாத்துட்டா அப்புறம் எனக்குச் சோறு இறங்காது."

தட்டாமலே அனுப்பினான். சற்று நேரத்தில் முதலாளியின் ஒப்புதல் வந்துவிட்டது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அவள் போன் அடித்தது. தம்பிதான்.

"அக்கா, கோச்சுக்காத. சரக்கை எண்ணி ஒப்படைச்சுட்டு வர்றதுக்குள்ள போனைத் தொடக்கூட நேரமில்ல." குரலில் அப்படி ஒரு குஷி. "எங்க கடை தேறாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அத்தானைச் சங்கடப்படுத்த வேணாம்னு மேனேஜர் கால்ல விழாத குறையாக் கெஞ்சி மாத்தல் வாங்கிட்டேன். இனிமே கவலையே இல்லக்கா. ஸ்டேஷன் கடையில சேந்து ரெண்டு நாளாச்சு!"