எழுபதாவது மணி நேரத்தில்

"மறுபடியும் நின்னுடுச்சு மேடம்!"

ஆபரேட்டர் வெள்ளைச்சாமி சொன்னதும் மைத்ரேயி தலையில் கை வைத்துக்கொண்டாள். எழுபத்திரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடிக் காட்ட வேண்டிய புது டர்பைன், எழுபதாவது மணி நேரத்தில் படுத்துவிட்டது. இது மூன்றாவது தடவை. இது தேறினால்தான் இந்தக் காவிரிக்கரை மின் நிலையத்தின் மற்ற மூன்று கிழட்டு டர்பைன்களையும் மாற்றச் சென்னையில் கையெழுத்துப் போடுவார்கள். பொறுப்பு எஞ்சினியர் அவள்தான்.

"இப்ப என்னவாம்?"

"அதே கதைதான் மேடம். புடவை. சல்லடைக்கு அடியில நுழைஞ்சு விசிறியில சுத்திக்கிச்சு."

மதகை அடைத்து ஆட்கள் இழுத்துப் போட்டார்கள். கிழிந்திருந்தாலும் புத்தம் புதுசு. அரக்கு நிறம்.

"ஆடிப்பெருக்கு முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு! இன்னும் எந்தப் புண்ணியவான்யா காவேரிக்குப் புடவை சாத்துறான்? கொஞ்சமாவது அறிவு வேணாம்?"

"பழைய மிஷின்னா மாலை, புடவை எல்லாத்தையும் அரைச்சுத் தள்ளிடும் மேடம். இது சொகுசு மிஷின். லேசா ஆட்டம் கண்டாலே தானா நின்னுக்குது."

"அப்ப பழசையே கட்டிக்கிட்டு அழலாங்கிறீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலை மேடம்."

"அந்த ஆளு மட்டும் என் கையில கிடைக்கட்டும், அந்தப் புடவையாலேயே கட்டி மதகுல தொங்க விடுறேன்!"

கத்திவிட்டுத் தன் அறைக்கு வந்தாள். அங்கே அவள் கணவன் பராசரன் நெற்றியில் திருமண்ணும் கையில் சாப்பாட்டுப் பையுமாக உட்கார்ந்திருந்தான். ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்திருக்கிறான்.

"திரும்பவும் நின்னுடுத்தாமே? கேட்ல சொன்னா. விடு, நாளைக்கே மறுபடி ஆரம்பி."

"உங்களுக்கென்ன, சுலபமா சொல்லிட்டேள்! ஏன்னா, நாலாவது தடவையும் நின்னா என் மானமே போயிடும்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பராசரன் பதறி எழுந்தான்.

"நிக்காதுடி, அசடே! உங்கிட்ட சொல்லாம உன் மிஷினுக்காகவே வேண்டிண்டு, ஒவ்வொரு தடவையும் அம்மா மண்டபம் படித்துறையில ஒரு புடவை விட்டேன். மூணும் நூல் புடவை, காவேரித் தாயாருக்கு மனசு நிறையலை போலிருக்கு. அதான் இந்தத் தடவை பட்டாவே எடுத்துட்டேன், ஒன்பது கஜம்!"